டொரண்டோவுக்கும் டப்ளினுக்கும் நடுவுல எவ்வளவு தூரம்?

வாங்க கண்ணுங்களா, நாற்காலிய இப்படி இழுத்துப் போட்டு உக்காருங்க. புதுசா வேலைக்குச் சேர்ந்த பிள்ளைங்களுக்கு நாலு வார்த்தை சொல்லுங்கக்கான்னு முதலாளி கேட்டார். அஞ்சு நிமிஷத்துல முடிச்சுக்குங்கன்னும் சொன்னார். அதுதான் நம்மால ஆகாது. இந்த ஏற்காட்டு ஆபீஸ்ல உக்காந்து ஊர் ஊரா டிக்கெட் போட்டே தலை நரைச்சவ நான். என் வாயை அஞ்சு நிமிஷத்துல நிறுத்த என் ஊட்டுக்காரராலயே முடியல, இவரால முடியுமா?

டிக்கெட் எப்படிப் போடறதுன்னு நான் சொல்லித்தரப் போறதில்லை. அது உங்களுக்கு என்னைவிட வேகமா வரும். கவுண்டருக்கு அந்தப் பக்கம் நிக்கிற மனுசங்களைப் பத்திச் சொல்றேன். அதை எந்தக் கம்ப்யூட்டரும் சொல்லித்தராது.

வர்றவங்கள்ல பாதிப்பேர் கேட்கிறது ஒரே கேள்விதான். "ஏனுங்க, அந்த ஊருக்கு எத்தன மணி நேரமுங்க?" நீங்க டக்குனு தட்டிப் பார்த்துட்டு, பத்து மணி நேரம்னு சொல்லிருவீங்க. அது பிளேன் ஆகாசத்துல இருக்கிற நேரம். அவங்க கேட்கிறது, மகன் ஊட்டு வாசப்படியில எப்பப் போய் நிப்போம்னு. மலை இறங்கணும், பெங்களூரு போகணும், வரிசையில நிக்கணும், நடுவுல ஏதோ ஒரு ஊர்ல பிளேன் மாறணும், அதெல்லாம் யாரு சொல்றது? வாழவந்தியில இருந்து ஒரு அம்மா மெல்போர்ன் போச்சு. எவனோ பத்து மணி நேரம்னு சொன்னதைக் கேட்டுட்டு, ஒரு பெட்டி நிறைய மிளகும் காபித்தூளும் மகனுக்கு வச்சுக்கிட்டு, தனக்குன்னு ரெண்டே இட்லியோட கிளம்பிருச்சு. திரும்பி வந்ததும் நேரா நம்ம ஆபீஸுக்குத்தான் வந்துச்சு. நாங்க வாங்கின திட்டு இருக்கே, யப்பா!

சரி, அது கிடக்கட்டும். நான் சொல்ல வந்தது கொட்டச்சேட்டு ரைட்டரண்ணா விஷயம்.

எஸ்டேட்ல கணக்கெழுதற ரைட்டரா இருந்து ஓய்வு வாங்கினவர் அவர். அயர்ன் பண்ணின சட்டை, சட்டைப் பையில பேனா, எதுக்கெடுத்தாலும் ஒரு முறைப்பு. அவர் சம்சாரம் சரசக்கா அதுக்கு நேர் எதிர், சிரிச்ச முகம். ரெண்டு பிள்ளைங்க. மூத்தவன் கதிர் கனடாவுல டொரண்டோவுல இருக்கான். சின்னவ நிவேதா நர்ஸுக்குப் படிச்சு அயர்லாந்துல டப்ளினுக்குப் போயிட்டா. ரெண்டு பேருக்கும் முதல் டிக்கெட் போட்டுக் குடுத்தது நான்தான். கதிர் கிளம்பினப்போ ரைட்டரண்ணா இந்தக் கவுண்டர்லயே கண்ணைத் துடைச்சுக்கிட்டு, தூசி விழுந்துருச்சுன்னார். மழை பேஞ்சுக்கிட்டு இருந்த நாள்ல என்ன தூசி?

அந்தப் பையனோடதான் அவர் ரெண்டு வருஷம் பேசாம இருந்தார். காரணம் என்ன தெரியுமா? அவன் கனடாவுல குடியுரிமை வாங்கிட்டான். நம்ம சட்டப்படி ரெண்டு நாட்டுப் பாஸ்போர்ட் வச்சுக்க முடியாது. அதனால நம்ம பாஸ்போர்ட்டைத் திருப்பிக் குடுத்துட்டான். குடுத்ததை அப்பங்கிட்ட போன் பண்ணிச் சந்தோஷமா வேற சொல்லியிருக்கான், வெவரங்கெட்டவன். அன்னைக்குச் சாயந்திரமே ரைட்டரண்ணா இங்க வந்து, "ஏம்மிணி, இனிமே அவன் இங்க வர்றதுன்னா விசா வாங்கணுமா?"ன்னு கேட்டார். ஆமாங்கண்ணான்னேன். "என்ற பையன் என்ற ஊட்டுக்கு வர விசா வாங்கணுமா? அப்படிப்பட்ட பையன் எனக்கு வேண்டாம்"னுட்டு, குடையைக்கூட எடுக்காம நனைஞ்சுக்கிட்டே போயிட்டார்.

நிவேதா அப்பா செல்லம். அப்பாகிட்ட மன்னிப்புக் கேட்டாத்தான் உங்கிட்டப் பேசுவேன்னு அண்ணனுக்குச் சொல்லிட்டு, அவன் போனையே எடுக்கறதை நிறுத்திட்டா. அண்ணனும் தங்கச்சியும் ஒரு தட்டுல சாப்பிட்டு வளர்ந்ததுங்க. எனக்கு அதைக் கேட்கவே பொறுக்கல. ஆனா அடுத்தவங்க ஊட்டு விஷயம், நாம என்ன பேச முடியும்னு வாயை மூடிக்கிட்டேன்.

அப்புறம் நிவேதாவுக்குக் கல்யாணம் ஆச்சு. மாப்பிள்ளை கப்பல்ல இன்ஜினியர். முழுகாம இருந்தா. பிரசவத்துக்கு அம்மா போறதுன்னு முடிவு பண்ணி, சரசக்கா பாஸ்போர்ட்டை விசாவுக்கு அனுப்பினோம். மாப்பிள்ளையும் பிரசவத்துக்கு ஊடு வந்து சேர்ற மாதிரி கடைசியா ஒரு தடவை கப்பலுக்குப் போனார். எல்லாம் கணக்காத்தான் இருந்துச்சு. பிள்ளைதான் அவசரப்பட்டுருச்சு.

ஒரு நாள் சாயந்திரம், பள்ளிவாசல்ல அஸர் பாங்கு சொல்லி முடிச்ச நேரம். வெளிய ஏரிக்கரை தெரியாத அளவுக்குப் பனிமூட்டம். ரைட்டரண்ணாவும் சரசக்காவும் உள்ள வந்தாங்க. அவர் சட்டையில பொத்தானை மாத்திப் போட்டிருந்தார். அதைப் பார்த்ததுமே ஏதோ சரியில்லைன்னு தெரிஞ்சு போச்சு.

"அம்மிணி, சரசுக்கு இன்னைக்கே டப்ளினுக்கு ஒரு டிக்கெட் போடுங்க. எப்படியாவது போடுங்க."

நிவேதாவுக்கு ஏழாம் மாசம்தான். ரத்தக்கொதிப்பு ஏறி, ஆஸ்பத்திரியில சேர்த்துட்டாங்க. நாளைக்கு மத்தியானம் ஆபரேஷன் பண்ணிக் குழந்தையை எடுத்துரணும், தள்ளிப்போட முடியாதுன்னு டாக்டருங்க சொல்லிட்டாங்களாம். மாப்பிள்ளை நடுக்கடல்ல. ஆபரேஷனுக்குக் கூட்டிட்டுப் போறப்போ கையைப் பிடிக்க ஒரு ஆள் இல்லை. அவ நர்ஸு, என்னென்ன ஆகலாம்னு அவளுக்கு எல்லாமே தெரியும். அதுதான் இன்னும் கொடுமை. "அம்மா, எனக்குப் பயமா இருக்குதுங்கம்மா"ன்னு போன்ல அழுதிருக்கா.

"அண்ணா, அக்கா பாஸ்போர்ட் விசா ஆபீஸ்ல இருக்குதே"ன்னேன்.

"அது எனக்கும் தெரியும்! போய் வாங்கிட்டு வந்துரலாம். நாலரை பஸ்ஸுல இறங்கினா அடிவாரம், சேலத்துல இருந்து டாக்ஸி..."

"அண்ணா, வாங்கிட்டு வந்தாலும் விசா வேணும்."

"அப்ப வேற வழி பாருங்க! சென்னை பாருங்க. கொச்சி பாருங்க. இத்தன வருஷமா இங்க உக்காந்து என்னதான் பண்றீங்க?"

கத்தினார். பதறின மனுசன் கத்தத்தான் செய்வார், கண்ணுங்களா. அதை மனசுல வாங்கிக்காதீங்க. நானும் அவர் சொன்னபடியே சென்னை, கொச்சி, பெங்களூருன்னு தட்டிக்கிட்டே இருந்தேன். விசா இல்லாம எந்த ஊர்ல இருந்து பார்த்து என்ன பிரயோஜனம்? தெரிஞ்சும் கை சும்மா இருக்கல.

சரசக்கா பெஞ்சுல உக்காந்து முந்தானையைச் சுருட்டிச் சுருட்டிப் பிரிச்சுக்கிட்டு இருந்தாங்க. அப்புறம் மெதுவா, "அவ பக்கத்துல நம்ம சனம் யாருமே இல்லீங்களே"ன்னாங்க.

அந்தப் "பக்கத்துல"ங்கிற வார்த்தை என்னைப் பிடிச்சு நிறுத்திருச்சு. நிவேதாவுக்குப் பக்கத்துல யார் இருக்கா? நாங்க மூணு பேரும் அதுவரைக்கும் பார்த்துக்கிட்டு இருந்தது, எங்களுக்குப் பக்கத்துல இருந்து யார் கிளம்பறதுன்னுதான்.

இது நம்ம மலைக்காரங்க புத்தி. கிளியூர்ல இருந்து கொட்டச்சேட்டுக்குப் போறதுன்னாலும் டவுனுக்கு வந்துதான் பஸ் மாறணும். எங்க போறதுன்னாலும் ஏற்காட்டைத் தொட்டுத்தான் போகணும். உலகமும் அப்படித்தான்னு நமக்குள்ள ஒரு நினைப்பு ஊறிப் போச்சு. நாப்பது ஐம்பது நாட்டுக்கு டிக்கெட் போட்ட எனக்கே அந்த நினைப்பு இருந்துச்சுன்னா பார்த்துக்குங்க. புறப்படற ஊருங்கிற கட்டத்துல நம்ம பக்கத்து ஊரைத் தவிர வேற ஒண்ணை நான் அடிச்சதே கிடையாது.

அன்னைக்கு அடிச்சேன். புறப்படற ஊர் டொரண்டோ, போய்ச் சேர்ற ஊர் டப்ளின்.

நேரடி விமானமே இருந்துச்சு. அவங்க ஊர் நேரப்படி ராத்திரி கிளம்பினா, மறுநாள் காலையில டப்ளின். ஆபரேஷன் மத்தியானம். யா அல்லா!

ஆனா வாயைத் திறக்கல. இதை நல்லாக் கேட்டுக்குங்க. ஆசை காட்டிட்டு அப்புறம் இல்லைன்னு சொல்றதைவிடப் பாவம் நம்ம தொழில்ல கிடையாது. கனடா பாஸ்போர்ட் வச்சிருக்கிறவங்க அயர்லாந்துக்குப் போக விசா வேணுமான்னு முதல்ல பார்த்தேன். வேண்டாம்னு இருந்துச்சு. நம்பாம இன்னொரு இடத்துலயும் பார்த்தேன். அங்கயும் வேண்டாம்னுதான் இருந்துச்சு. பழைய பாஸ்போர்ட்டோட இருந்திருந்தா அவனும் நம்ம சரசக்கா மாதிரி வரிசையிலதான் நிக்கணும்.

அப்புறம்தான் சொன்னேன். "அண்ணா, நாளைக்குக் காலையில நிவேதா பக்கத்துல நிக்கக்கூடிய ஆள் ஒருத்தர் இருக்கார். நம்ம கதிரு."

"எனக்கு அப்படி யாரும் இல்லை"ன்னார். பழக்கத்துல வந்துருச்சு. சொல்லிட்டு அவரே தலையைக் குனிஞ்சுக்கிட்டார். குனிஞ்சபடியே, "அவன் எங்கயோ இருக்கான், அவ எங்கயோ இருக்கா. இங்க இருந்து அவன்கிட்டப் போக ஒரு நாளுக்கு மேல, இவகிட்டப் போகவும் ஒரு நாள். அவன் எப்ப வந்து, எப்ப அங்க போய்ச் சேர்றது?"ன்னார்.

பார்த்தீங்களா? ரெண்டு பிள்ளைக்கும் நடுவுல ரெண்டு நாள் தூரம்னு கூட்டி வச்சிருக்கார் மனுசன்! அவன் ஏற்காட்டுக்கு வந்து, பஸ் மாறித்தான் தங்கச்சிகிட்டப் போகணும்னு ஒரு கணக்கு.

"அவன் இங்க வர வேண்டியதே இல்லைங்கண்ணா. நேரா போலாம். ஐயாயிரம் கிலோமீட்டர் சொச்சம். கடல் மேல ஒரே தாவு. ஏழு மணி நேரம்கூட ஆகாது."

"ஏழு மணி நேரமா?" அவர் என்னைப் பார்த்தார், சரசக்காவைப் பார்த்தார். "அது நாம பஸ்ஸுல மெட்ராஸ் போற நேரமில்ல?"

"ஆமாங்கண்ணா."

"ரெண்டு பிள்ளைங்களும் மெட்ராஸ் தூரத்துலதான் இருந்துச்சுங்களா? இத்தன நாளும்?"

நான் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினேன். மேப்புல ரெண்டு ஊருக்கும் நடுவுல ஒரு வளைஞ்ச கோடு. நம்ம நாடு அதுல எங்கயுமே இல்லை. அதையே பார்த்துக்கிட்டு நின்னார்.

ரெண்டு சீட்டுதான் மிச்சம் காட்டுச்சு. டிக்கெட் போடணும்னா பாஸ்போர்ட் நம்பர் வேணும், அதைவிட அவன் சரின்னு சொல்லணும். "நம்பர் இருக்குதுங்களா?"ன்னு கேட்டேன். ரைட்டரண்ணா இல்லைன்னு தலையாட்டினார். சரசக்கா எந்திரிச்சு வந்து தன் போனை மேசை மேல வச்சாங்க. திரையில 'கேஸ் கம்பெனி'ன்னு இருந்துச்சு.

"கேஸ் கம்பெனிக்கு எதுக்கு?"ன்னார் ரைட்டரண்ணா.

"அது கதிருங்க"ன்னாங்க சரசக்கா.

அட! ரெண்டு வருஷமா வாராவாரம் அந்தம்மா கேஸ் கம்பெனியோட பேசிக்கிட்டு இருந்திருக்கு. மனுசனுக்குச் சந்தேகமே வரல. எனக்கு அந்த நேரத்துலயும் சிரிப்பு வந்துருச்சு, அடக்கிக்கிட்டேன். "மத்தியானமே அவனுக்குச் சொல்லியிருப்பேன். அங்க ராத்திரியாச்சே, அவனால என்ன பண்ண முடியும், வீணா எதுக்கு எழுப்பறதுன்னு விட்டுட்டேன்"னு அக்கா அழுதாங்க. அவங்களும் அவன் இங்க வந்துதான் போகணும்னு நினைச்சுட்டாங்க.

"நீங்களே பேசிருங்க அம்மிணி"ன்னார் ரைட்டரண்ணா. "விஷயத்தைச் சொல்லுங்க. போயிருவான்."

பேசியிருக்கலாம். போயிருப்பான், அதுல சந்தேகமே இல்லை. நேரமும் இல்லை. ஆனா எனக்கு வந்துச்சு பாருங்க ஒரு கோவம்! "அண்ணா, அங்க போய் அவன் யாருன்னு நிப்பான்? டிராவல்ஸ்காரி அனுப்பினான்னு நிப்பானா? பேசாத தங்கச்சி முன்னால போய் நிக்கணும், ஒரு தைரியம் வேண்டாமா? பெத்தவர் அனுப்பினார்னு போகட்டும். டிக்கெட் நான் போடறேன். போன் நீங்க போடுங்க"ன்னேன். சொல்லிட்டு நானே நம்பரைத் தட்டி அவர் கையில திணிச்சேன்.

கஸ்டமர்கிட்ட இப்படிப் பேசலாமான்னு கேட்பீங்க. பேசக்கூடாது. தினமும் பேசினா வேலை போயிரும். ஆனா ஒரு தடவையாவது பேசத் தோணாதவங்க இந்த நாற்காலிக்கு லாயக்கில்லை.

போன் அடிச்சுக்கிட்டே இருந்துச்சு. அங்க அப்பத்தான் விடியுது. "அம்மா?"ன்னு தூக்கக் குரல் கேட்டுச்சு. ஸ்பீக்கர்ல போட்டிருந்தேன்.

"கதிரு"ன்னார் ரைட்டரண்ணா.

அந்தப் பக்கம் தடதடன்னு எந்திரிச்சு உக்காந்த சத்தம். அப்புறம் அவன் கேட்டான், "அப்பா... அம்மாவுக்கு என்னங்கப்பா ஆச்சு?"

அப்பன் குரல் கேட்டதும் பிள்ளைக்கு அம்மா போயிருச்சுன்னுதான் தோணியிருக்கு. ரைட்டரண்ணா உதட்டைக் கடிச்சுக்கிட்டார். 

"அம்மா நல்லா இருக்குது. இங்கதான் இருக்குது. நிவேதா பாப்பாவுக்குத்தான்..." அதுக்கு மேல அவருக்குக் கோர்வையா வரல. ஆஸ்பத்திரி, ஆபரேஷன், தனியா இருக்கான்னு துண்டு துண்டாச் சொன்னார். கடைசியாக் கேட்டார், "சாமி, உன்ற பாஸ்போர்ட் கையில இருக்குதா?"

"எந்தப் பாஸ்போர்ட்டுங்கப்பா?" பயந்துக்கிட்டேதான் கேட்டான்.

"இப்ப இருக்கறதுதான். அதை எடுத்துக்கிட்டுப் போ சாமி. அதுல போனா விசா வேண்டாமாம். அம்மிணி சொல்லுது."

அவன் அழுதானா சிரிச்சானா தெரியல. நம்பரை மட்டும் தெளிவாச் சொன்னான். நான் டிக்கெட் போட்டேன். என் விரல் அவ்வளவு வேகமா என்னைக்கும் ஓடினதில்லை.

மறுநாள் மத்தியானம் ரெண்டு பேரும் இங்கயே வந்துட்டாங்க. கொட்டச்சேட்டுல அவங்க ஊட்டுக்கிட்ட சிக்னல் விட்டு விட்டுத்தான் வரும். நான் பிளேன் எங்க பறக்குதுன்னு காட்டறதைக் கம்ப்யூட்டர்ல போட்டு விட்டேன். ரைட்டரண்ணா அதைவிட்டுக் கண்ணை எடுக்கல. "இதென்ன நகரவே மாட்டேங்குது?"ன்னு என்கிட்டச் சண்டை. இறங்கினதும், பசிக்குதுன்னு சொல்லி ரெண்டு டீ வாங்கிக் குடிச்சார்.

கொஞ்ச நேரத்துல நிவேதா போன் பண்ணினா. ஒரே அழுகை, நடுவுல சிரிப்பு. "அப்பா, அண்ணன் வந்துருச்சுங்கப்பா. பல்லுகூட விளக்காம வந்துருக்குது. கிட்ட வந்தா நாறுதுங்கப்பா." பின்னால கதிர், "பொய் சொல்றாங்கப்பா, பிளேன்லயே விளக்கிட்டேன்"னு கத்தறான். ரெண்டு வருஷம் பேசாததுங்க பேசின முதல் பேச்சைப் பாருங்க! அதுக்கப்புறம் அவளை உள்ள கூட்டிட்டுப் போயிட்டாங்க. கதிரையும் தலைமாட்டுல உக்கார விட்டாங்களாம். கையைப் பிடிச்சுக்கிட்டே இருந்திருக்கான்.

எங்களுக்கு இங்க ஒண்ணும் தெரியாது. சரசக்கா அவங்க சாமியக் கும்பிட்டாங்க. நான் என் பங்குக்குத் துஆ கேட்டேன். கவுண்டருக்கு வந்த ரெண்டு பேரைப் பிறகு வாங்கன்னு அனுப்பிட்டேன்.

சாயந்திரம் போன் வந்துச்சு. கதிர்தான். "அப்பா, பொண்ணு. நிவேதா நல்லா இருக்கா. குழந்தை நொம்பச் சின்னது, கண்ணாடிப் பெட்டியில வச்சிருக்காங்க. ஆனா பயமில்லைன்னு சொல்லிட்டாங்க." சரசக்கா அங்கயே தரையில உக்காந்துட்டாங்க. நான் அல்ஹம்துலில்லாஹ்னு சொன்னது வெளிய பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்டிருக்கும்.

ரைட்டரண்ணா போனை ரெண்டு கையிலயும் பிடிச்சுக்கிட்டு, "யாரு ஜாடை சாமி?"ன்னு கேட்டார்.

"உங்க ஜாடைதானுங்கப்பா. வந்ததுல இருந்து மூஞ்சத் தூக்கி வச்சுக்கிட்டு இருக்கா. நானும் மாமன் வந்திருக்கேன், மாமன் வந்திருக்கேன்னு எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்துட்டேன், என்னைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டேங்கறா."

ரைட்டரண்ணா சிரிச்சார். சிரிச்சுக்கிட்டே இருந்தவர் கவுண்டர்ல தலையைக் கவுத்துட்டார். அழுதார். ஆனாலும் போனை விடல.

"பார்ப்பா சாமி, பார்ப்பா"ன்னார். "நீ கோவிச்சுக்கிட்டுப் போயிராத. பக்கத்துலயே இரு."